நாலாயிரத்தில் நடக்கும் குடும்பம்

"இன்னைக்குத் தேதி இருபத்திரெண்டுதான். அதுக்குள்ள எண்ணெய் எப்பிடித் தீந்துச்சு?"

முருகம்மாள் கத்தவில்லை. அவள் கத்துகிற ரகம் இல்லை. காலி கேனைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழுகிறதா என்று பார்த்தபடி, மழை வருமா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பதுபோல் கேட்டாள். மருமகள் யுவராணிக்கு அந்தக் குரல்தான் பயம். கத்தினாலாவது பதிலுக்கு ஒரு பாத்திரத்தை ஓசைப்படுத்தி வைக்கலாம்.

"போன வாரம் போடியில இருந்து பாண்டீஸ்வரி வந்தப்ப முறுக்கு சுட்டோம்ல அத்தை."

"சுட்டோம். இல்லங்கல. அதுக்காக இப்பக் கடையில போயி எண்ணெய் வாங்குனா மாசக் கணக்கு என்னத்துக்கு ஆகும்?"

கூடத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த சுரேஷ்கண்ணன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தேனியில் டிராக்டர் விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சம்பளம் வந்ததும் வீட்டுச் சாமானுக்கென்று நாலாயிரம் ரூபாயை அம்மா கையில் கொடுத்துவிடுவான். அதற்குமேல் அந்த இலாகா அவனுடையது அல்ல.

முருகம்மாள் மருமகளின் தோளைத் தட்டினாள். "சரி, முகத்தத் தொங்கப் போடாத ஆத்தா. ஆண்டிபட்டிக்கு ஒரு போனப் போடு. மாசப் பொறப்புக்கு வர்ற சாமான இந்தத் தடவ ஒரு வாரம் முன்னாடியே பஸ்ஸுல ஏத்திவிடச் சொல்லு. எண்ணெய் மட்டும் ஒரு கேன் சேத்து வரட்டும்."

ஆண்டிபட்டி யுவராணியின் பிறந்த ஊர்.

சின்னமனூரில் அந்தத் தெருவில் முருகம்மாளுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டை நாலாயிரத்தில் நடத்துகிறவள் என்பது ஒன்று. மற்ற வீடுகளில் பத்தாயிரமும் போன இடம் தெரியாமல் போய், மாதக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போதெல்லாம், "அந்த முருகம்மாவப் போயிப் பாத்துட்டு வா" என்று ஆண்கள் தங்கள் மனைவிமாருக்கு அவளைத்தான் காட்டினார்கள். ஒத்த ரூபாய் வரதட்சணை வாங்காமல் பையனுக்குப் பெண் எடுத்தவள் என்பது இன்னொன்று.

இரண்டும் பொய் இல்லை. ரூபாயாக அவள் எதையும் வாங்கவில்லை.

கல்யாணமான முதல் மாதம் யுவராணியின் அம்மா அக்கம்மாள், "எங்க தோட்டத்துல வெளைஞ்சது மதினி" என்று ஒரு மூட்டை அரிசியும் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் கொண்டுவந்து இறக்கினாள். ஆசையாய்க் கொடுத்ததுதான். அடுத்த மாதம் முருகம்மாள், "ஒங்க எண்ணெயில தாளிச்சாத்தான் ஒங்க மருமகனுக்குச் சோறு எறங்குது மதினி" என்றாள். உடனே எண்ணெய் வந்தது. பிறகு துவரம்பருப்பு வந்தது. நாலு வருஷத்தில் உளுந்து, புளி, மிளகாய், மல்லி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, மதுரையிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் மாதாமாதம் ஒரு பலசரக்குக் கடையே ஏறி வந்தது. உப்பை மட்டும் முருகம்மாள் சொந்தக் காசில் வாங்கினாள். உப்பைக் கொடுத்து வாங்கினால் உறவு கெட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

வந்ததெல்லாம் அந்த வீட்டிலேயே தங்கியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதில் ஒரு பங்கு சுரேஷ்கண்ணனின் பைக்கில் போடிக்குக் கிளம்பும். அவன் தங்கச்சி பாண்டீஸ்வரி வாக்கப்பட்ட ஊர் அது. அவள் மாமியாருக்கும் தாளிக்க எண்ணெய் வேண்டியிருந்தது.

அந்த மாதச் சாமான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது யுவராணி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். மூட்டையை இழுத்து அடுப்படிக்குள் கொண்டுபோனவள், சாக்கில் அச்சடித்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள். மில்லின் பெயருக்குக் கீழே, மார்க்கையன்கோட்டை ரோடு, சின்னமனூர் என்று இருந்தது. அந்த மில் அவள் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தவிடு அவள் காயப்போட்ட துணியில்தான் வந்து படியும்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, இந்த அரிசி நம்ம தோட்டத்து அரிசியா?"

"பின்ன? நம்ம அரிசிதான்."

"நம்ம அரிசிக்குச் சின்னமனூர் மில்லுக்காரக எப்பம்மா அச்சடிச்சாக?"

மறுமுனையில் அக்கம்மாள் கோழியை விரட்டினாள்.

"சாக்க மாத்திக் குடுங்கன்னு கடைக்காரர்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மறந்துட்டாக போல" என்றாள் அக்கம்மாள்.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. கடலை போட்ட செலவு மண்ணோடு போனது. அப்பா நாலு ஆட்டை வைத்துக்கொண்டு அலைகிறார். அக்கம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அந்தக் கூலியில்தான் கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்கி பஸ் ஏற்றுகிறாள்.

"என்ட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா, அங்கன ஒன்னைய ஒரு வார்த்தை சொல்லிருவாகளேன்னுதான்."

"நீங்க என்னத்தச் சாப்புடுறீக?"

"ரேசன் அரிசிதான். அதுக்கென்ன, நல்லாத்தான இருக்கு. இப்பல்லாம் முன்ன மாதிரி வாடை அடிக்கிறதில்ல."

யுவராணி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னமனூர் மில்லில் அரைபட்ட அரிசி, லாரி ஏறி ஆண்டிபட்டிக்குப் போய், அம்மாவின் கூலியைத் தின்றுவிட்டு, பஸ் ஏறி மறுபடி சின்னமனூருக்கே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைக் ஏறிப் போடிக்குப் போகும். கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் தான்கூட இவ்வளவு ஊர் பார்க்கவில்லை என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். சுரேஷ்கண்ணன் கெட்டவன் இல்லை. கேட்டதும் முகம் வாடிப்போனான். "அவுகளா ஆசைப்பட்டு அனுப்புறாகன்னுல நான் நெனச்சேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாட்ட நீயே பதமா எடுத்துச் சொல்லிரு" என்று கைப்பேசிக்குள் போய்விட்டான்.

பதமாகச் சொல்வதற்கு அவள் சமயம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகளிர் குழுத் தலைவி மகிமா வீடு தேடி வந்தாள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவள்.

"விலைவாசி இருக்குற இருப்புல மாசக் கணக்குக்குள்ள குடும்பத்த நடத்துறது எப்பிடின்னு நம்ம கூட்டத்துல நீங்கதான் பேசணும். ஒங்கள விட்டா ஆள் யாரு?" என்றாள்.

முருகம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்தாள்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. முருகம்மாள் நன்றாகவே பேசினாள். பசியோடு கடைக்குப் போகக் கூடாது, போனால் கண்டதையும் எடுக்கச் சொல்லும். சின்னச் சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் பாக்கெட்டுக்குத்தான் காசு போகும். சட்டியில் எண்ணெயை ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட வேண்டும். எல்லாமே நல்ல யோசனைகள். பெண்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

தையல்காரி ஜெபமணி எழுந்தாள். "மதினி, எங்க வீட்டுல பன்னெண்டாயிரம் போட்டும் பத்த மாட்டேங்குது. நீங்க அரிசி என்ன விலைக்கு வாங்குறீக?"

"அரிசியா?" என்றாள் முருகம்மாள்.

நாலு வருஷமாக அவள் அரிசிக்கடைப் பக்கம் போனதில்லை. விட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "முப்பது ரூவா இருக்குமா?" என்று கூட்டத்தையே திருப்பிக் கேட்டாள்.

"நல்ல அரிசி முப்பது ரூவாய்க்கா? எந்தக் கடைன்னு சொல்லுங்க, இப்பயே போறோம்!" என்று ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

தப்பித்துக்கொள்ளும் வழியென்று நினைத்து முருகம்மாள், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மருமகளைக் கை காட்டினாள். "யுவராணி, நீ சொல்லு ஆத்தா."

யுவராணி எழுந்தாள். ஒரு விலையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ரேசன் அரிசியில் இப்போது வாடை இல்லை என்று அம்மா சொன்ன குரல் கேட்டது. பொய் வரவில்லை.

"நாங்க அரிசி வாங்குறதில்லக்கா. எங்கம்மா அனுப்புறாக."

"அப்ப பருப்பு?"

"எங்கம்மாதான்."

"எண்ணெய்?"

"அதுவும் எங்கம்மாதான்."

விளையாட்டு பிடித்துப்போய், பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. புளி, உளுந்து, மிளகாய் என்று கூடமே கேட்க, அவள் ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னாள்.

"உப்பு?"

"அத நாங்களே வாங்கிருவோம்."

கூரை அதிர்ந்தது. முருகம்மாள் பட்டுச்சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என்ன சிரிப்பு? நான் மட்டுமா வாங்குறேன்? போடியில எம்மகளக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு மாசாமாசம் நான் அனுப்பலையா?"

"அப்ப அந்தப் போடிச் சம்பந்தியம்மா எம்புட்டுல குடும்பம் நடத்துறாக?"

"மூவாயிரம்னு சொல்லுவாக" என்றாள் முருகம்மாள், யோசிக்காமல்.

"மகிமாக்கா, ஆள மாத்திக் கூப்புட்டீகளே! போடிக்காரவுகளல்ல பேசக் கூப்புட்டுருக்கணும்!"

மகிமாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் நின்றவள் ஜெபமணி மட்டும்தான். சிரிப்பு அடங்குகிற வரை காத்திருந்தாள்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. ரெண்டு வீட்டுக்கும் நான்தான் அனுப்புறேன்" என்றாள். "ஓட்டக்கைச் சிறுக்கின்னு எங்க வீட்டுக்காரர் வருசக்கணக்கா என்னைய வையிறாரு. நானும் அப்பிடித்தான் போலன்னு நெனச்சு, அவரு வையிறப்பல்லாம் பேசாம இருந்துட்டேன்."

அதற்குமேல் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. யார் யாரோ தரையைப் பார்த்தார்கள். மகள் இருந்தவர்களும் இருந்தார்கள், மருமகள் இருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முருகம்மாள் வீடு வரைக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஊரு முன்னாடி என்னைய நிப்பாட்டிட்டேல்ல" என்றாள்.

"நான் நிப்பாட்டல அத்தை. நீங்கதான் எந்திரிச்சுச் சொல்லச் சொன்னீக."

அடுப்படிக்குக் கூட்டிப்போய் அந்தச் சாக்கைக் காட்டினாள். அம்மாவின் கூலியையும் ரேசன் அரிசியையும் சொன்னாள். "இனிமே ஆண்டிபட்டியில இருந்து எதுவும் வராது அத்தை. அனுப்ப வேணாம்னு நான் சொல்லிட்டேன்."

முருகம்மாள் சாக்கில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

"ஒங்கம்மா என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாக."

சில நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின. மாதம் பிறந்ததும் முருகம்மாள் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். எண்ணெய் விலையைக் கேட்டு, இவள் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவள்போலக் கடைக்காரன் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டாள். அரிசியை இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினாள்.

சுரேஷ்கண்ணன் பில்லைப் பார்த்துவிட்டு வாய் பிளந்தான். "பத்தாயிரத்துக்கு மேல ஆயிருக்கு! ஒனக்கு வயசாயிருச்சும்மா. கணக்குப் பிடிபட மாட்டேங்குது."

"வயசெல்லாம் ஆகல. இந்த மாசந்தான் நாம திங்கிற சோத்துக்கு நாம காசு குடுத்துருக்கோம். கடையில பாக்கி இருக்கு, மிச்சத்த எடு."

அவன் எடுத்தான். அந்த மாதம் அவன் வாங்குவதாக இருந்த புதுக் கைப்பேசி கடையிலேயே இருந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்க தோஷத்தில் போடிக்கு ஒரு பை தயாராகிவிட்டது. அரிசியும் எண்ணெயும் பருப்புமாக முருகம்மாளே கட்டியிருந்தாள். யுவராணி பார்த்துக்கொண்டே காய் நறுக்கினாள். சுரேஷ்கண்ணன் பைக்கைத் திருப்பி நிறுத்திக்கொண்டு கையை நீட்டினான். முருகம்மாள் பையைத் தூக்கியவள், கனம் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு உள்ளே போய் அரிசியை டிரம்மில் கொட்டி, எண்ணெயையும் பருப்பையும் அடுக்கில் வைத்துவிட்டு வந்தாள்.

"வெறுங்கையோட போ. தங்கச்சி எப்பிடி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா. அங்கன அவளுக்கு ஏதாச்சும் ஒரு சொல்லு விழுந்தா, கையோட கூட்டிட்டு வந்துரு. நான் வெளையாட்டுக்குச் சொல்லலடா."

நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டான். "அவ மாமியா, சாமான் எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

முருகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் எங்க ஊரு மகளிர் குழுவுல பேசுறதுக்கு அவுகளத்தான் கூப்புடப் போறாகன்னு சொல்லு."