பேசு என்று சொல்ல வேண்டியவள்

வெள்ளைக் கையுறைக்குள் மடித்து வைத்திருந்த காகிதம் உள்ளங்கையில் உறுத்திக்கொண்டே இருந்தது. கொரிந்தியா மேப்ரி அதைக் கவனிக்காதவள்போல, சர்ச்சின் கீழ்த்தளத்தில் கோழி வறுவல் தட்டுகளை அடுக்கினாள். மிஸ் யூலாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள், சாப்பிடுவதற்காகச் செம்மண் ஒட்டிய செருப்புகளோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிச் சகோதரிகள் சங்கத்துப் பெண்கள் நாற்பத்து மூன்று பேரும் வெள்ளை உடையில் சுவரோரமாக நின்றார்கள். அப்படி நிற்கச் சொன்னதே மிஸ் யூலாவின் மகள் பெர்னிஸ்தான். "எங்கம்மாவுக்கு நான் பேருக்குத்தான் பொண்ணு. தினமும் சோறு கொண்டுபோனது நீங்கதானேம்மா" என்று டெட்ராய்ட்டிலிருந்து போனில் அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் இந்தக் கிளை என்று ஒன்று எங்கே இருந்தது? விடுதியில் துணி துவைக்கும் அறையில் ஐந்து பேர் பட்டாணி உரித்துக்கொண்டு பேசிய பேச்சுதான். ஏழு பேராவது வேண்டும் என்று தலைமைச் சங்கம் எழுதியதும், துணி அலச வந்த இரண்டு பேரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கித் தலைவியானாள் கொரிந்தியா. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் தனியாகக் கிடந்த கிழடுகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவதுதான் வேலை. நாலு வீடு பத்தொன்பது வீடானது. வீட்டுக்கு ஒரு நோட்டு. போனவள் பார்த்ததை அதில் எழுதவேண்டும்.

பேசாத வாரம் என்று ஒன்றை உண்டாக்கியதும் அவள்தான். முதல் வருடம் பெண்கள் போன இடமெல்லாம் தங்கள் பரீட்சை, தங்கள் காதல் என்று வாய் ஓயாமல் பேசினார்கள். வயதானவர்களுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. அதனால் புதிதாகச் சேர வருகிறவள் ஒரு வாரம் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்று வைத்தாள். கொரிந்தியா எதிரே நின்று "பேசு" என்று சொன்னால்தான் அது முடியும். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் போன வருடம் போனில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை பதில் சொன்ன பெண்ணைப் புதிதாகச் சேர வந்தவர்களின் வரிசையிலிருந்து விரட்டியபோது, கொரிந்தியாவுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை ஓட்டெல் என்ற புதுப்பெண் சாப்பாட்டோடு போனபோது, மிஸ் யூலாவுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கோப்பை கையிலிருந்து நழுவியது. வாய் திறக்கக்கூடாதே என்று ஓட்டெல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரே ஓட்டமாகக் கல்லூரிக்கு வந்தாள். உள்ளே தலைமைச் சங்கத்திலிருந்து வந்த அம்மாளுக்குக் கிளை வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் கொரிந்தியா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேர்த்து நின்றவளைப் பார்த்தாள். "பாத்தீங்களா, எங்க புதுப்பொண்ணு. வாயே திறக்கமாட்டா" என்று சிரித்தாள். இரு என்று கைகாட்டினாள். ஓட்டெல் ஒரு மணி நேரம் நின்றாள். நின்றபடியே நோட்டில் எழுதினாள். அதைப் படித்துவிட்டுக் கொரிந்தியா ஓடியபோது மிஸ் யூலாவுக்கு மூச்சு நின்றிருந்தது. அந்தத் தாள்தான் இப்போது கையுறைக்குள் இருக்கிறது.

"கிழிச்சு எரிச்சுடுடி" என்று துணைத்தலைவி விவெட் இன்று காலையில் சொல்லியிருந்தாள். "பத்தொம்பது வீட்டு அடுப்ப அணைக்கப்போறியா? அந்தப் பொண்ணுக்குப் புத்தியில்ல. நீயா பக்கத்து வீட்டுக் கதவத் தட்டாதேன்னு சொன்ன?" கொரிந்தியா கிழிக்க மட்டும் செய்தாள். எரிக்க மனசு வரவில்லை.

தட்டைக் கையில் வாங்கிய பெர்னிஸ் கொரிந்தியாவின் கன்னத்தைத் தொட்டாள். "அம்மா நோட்டு இருக்காமே? எனக்குத் தருவியாம்மா?"

கொரிந்தியா கொடுத்தாள். பெர்னிஸ் அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டுப் புரட்டினாள். "சோளக்கஞ்சியில உப்பு ஜாஸ்தின்னு திட்டினாங்களாம்! எங்கம்மாவேதான் போ!" அழுகையும் சிரிப்புமாகப் பக்கங்களைத் தள்ளினாள். புதன்கிழமையோடு நோட்டு நின்றது. "கடைசி நாளு எழுதலையா?"

விவெட் கீரைச் சட்டியைக் கிளறத் தொடங்கினாள்.

"யாரு போனது அன்னிக்கு?"

சுவரோர வரிசையின் கடைசியில் நின்ற ஓட்டெல் ஓரடி முன்னால் வந்தாள். பத்தொன்பது வயது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அடக்கத்திலும் அவள் பாடவில்லை என்பது அப்போதுதான் கொரிந்தியாவுக்கு உறைத்தது. மிஸ் யூலா செத்த களேபரத்தில் யாருமே அந்த வாரத்தை முடித்துவைக்கவில்லை. ஒரு வாரம் தாண்டியும் இந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஐயோ, கடவுளே.

"நீதானா கண்ணு?" பெர்னிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத. அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா? என்னைக் கேட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லேன்."

ஓட்டெல் பெர்னிஸைப் பார்க்கவில்லை. கொரிந்தியாவின் வாயையே பார்த்தாள்.

விவெட் கரண்டியை வைத்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கொரிந்தியா காகிதம் இருந்த இடது கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றத் தொடங்கினாள்.