கடைசிக் கட்டியின் அம்புக்குறி

கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே ஒரு விரிவுரையாளர் வேலை. லோகேஸ்வரியும் இக்னேஷியசும் அதற்குப் போட்டி. ஒரே ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக ஒன்றாய் மாரடித்தவர்கள். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம்தான் என்று அவன் சொன்னான். அவளும் அதை நம்பித் தொலைத்தாள்.

தேர்வுக் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, வடசீனத் தூசிப் படிவின் வயதைப் பற்றி அவள் பேசினாள். காற்று அள்ளிவந்து கொட்டிய தூசியிலும் இரும்புத் துகள்கள் உண்டு. பூமியின் காந்தத் திசை பார்த்தே அவை படியும். அந்தத் திசை கடைசியாகத் தலைகீழானது ஏறக்குறைய எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அவள் அங்கிருந்து வெட்டிவந்த மண்கட்டிகளில் ஆக அடியில் இருந்தது மட்டும் தலைகீழ்த் திசை காட்டியது. அப்படியென்றால் எல்லாரும் நினைத்ததைவிட அந்த மண் ரொம்பப் பழையது.

பின்வரிசையில் இக்னேஷியஸ் எழுந்தான்.

“கடைசிக் கட்டி படத்தைப் பெருசாக்கு, லோகா. புல் வேர் போன துளை கீழ போகப் போக மெலிசாகணும். இதுல மேல போறப்பதான் மெலிசாகுது. கட்டியையே தலைகீழா வச்சு அளந்துட்ட போல.”

அவள் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். கட்டியின் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியை நம்பித்தான் எல்லாவற்றையும் அளந்திருந்தாள். குழுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்த வேலை அங்கேயே போயிற்று.

மதியம் வழக்கம்போல பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்கு அவன் கூப்பிட்டான். கேட்க வேண்டியது இருந்ததால் போனாள்.

“அக்காவுக்கு ரசம் தனியா, boss,” என்றான் பரிமாறுபவரிடம். அவளுக்கு எது பிடிக்கும் என்று அவனுக்கு அத்துப்படி.

“உனக்கு எப்போ தெரியும்?”

“மேருவுல நம்ம லேப் ஸ்டோர்ல மண்கட்டிப் பெட்டிய தொறந்தப்பவே. நீ காய்ச்சல்ல படுத்திருந்தல்ல. அம்பு அழிஞ்சிருந்துச்சு. நான்தான் குத்துமதிப்பா வரைஞ்சேன். அப்புறம்தான் அந்தத் துளையப் பார்த்தேன்.”

“நான் கேட்டேனே. அம்பு எல்லாம் சரியான்னு.”

“கேட்ட.” அவன் சோற்றைப் பிசைந்தான். “எனக்கும் இந்த வேலை வேணும் லா.”

அடிபட்டதைவிட, அவன் கையால் அடிபட்டதுதான் அவளுக்கு ஆறவில்லை. சோறு பாதி அப்படியே கிடந்தது. இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, தன்னைவிட்டு அப்பால் மடித்தாள். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். அவள் வீட்டுத் துக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அது தெரியும்.

“லோகா, அப்படி மடிக்காத,” என்றான்.

அவள் மடித்த இலையைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள்.