வைக்கோல் வாரிக்கு இடப்பக்கம் ஆறடி

எங்கள் மோட்டார் பனிவண்டிக் கிளப்பில் பேச வேண்டிய வேலைகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது பாதை வேலை. அது எனக்கு வந்தது. டிசம்பரில் பாதையைக் காட்டும் கம்பு நடுவது, விழுந்த மரத்தை அறுப்பது, செவ்வாய்தோறும் எருமையை ஓட்டுவது. எருமை என்று நாங்கள் சொல்வது பனியைச் சீவி இறுக்கிப் பாதையாக்குகிற பெரிய வண்டியை. வேகமும் குரலும் அப்படி. கூட்டுச் சவாரிகளில் கடைசி ஆளாகப் போவதும் என் பொறுப்புதான். யாராவது விழுந்தால் தூக்கிவிட வேண்டும். மற்றபடி கடைசி ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கு அது வசதி.

செவ்வாய்க்கிழமைகளில் லெவெக் வயலின் நடுவே எருமையை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காப்பி குடிப்பேன். எஞ்சின் நின்றதும் வருகிற அமைதி வேறு மாதிரி. காதுக்குள் யாரோ ஒரு கதவை மெல்லச் சாத்துவது போலிருக்கும். அந்த அமைதிக்காகத்தான் இத்தனை சத்தமும் போடுகிறேனோ என்று சில நேரம் தோன்றும்.

பிப்ரவரி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை, முதல் மடக்கு உள்ளே போவதற்குள் என் கண்ணில் நான்கு கம்பங்கள் பட்டன. முந்தின நாள் காற்று பனியை வாரிக்கொண்டு போயிருந்தது. பழைய வேலியின் தேவதாருக் கம்பங்கள் விரற்கடை அளவுக்குத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு இடப்பக்கம். அவை எனக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும்.

காப்பி கசந்தது.

விஷயம் இதுதான். எங்கள் பாதை முழுக்க அடுத்தவர் நிலத்தில் ஓடுகிறது. ஒவ்வொருவரிடமும் அனுமதித் தாளில் கையெழுத்து வாங்குவோம், மார்ச்சில் விருந்து வைப்போம். ஒருவர் வேண்டாம் என்றால் அங்கே பாதைக்குக் குறுக்கே சங்கிலி. லெவெக் வயல் இரண்டு பாதி. மேற்குப் பாதி வால்மோருடையது. அவர் வருடாவருடம் கையெழுத்துப் போட்டு, விருந்தில் முதல் மேசையில் உட்கார்ந்து, பன்றித் தொடைக் கறியின் முதல் துண்டை வாங்கிக்கொள்வார். கிழக்குப் பாதி அவருடைய அக்கா லெயோனியுடையது. அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடமாகிறது. "அவளா? நாயை அவுத்து விடுவா" என்று வால்மோர் சொன்னதால் நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம். ஏழு வாரமாக அந்தப் பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

தப்பு என்னுடையது. இரண்டு நிலத்துக்கும் நடுவே அவர்கள் அப்பாவின் பழைய இரும்பு வைக்கோல் வாரி ஒன்று கிடக்கும். இது உன் குப்பை என்று அவர் இந்தப் பக்கம் தள்ளுவார், இல்லை உன்னுடையது என்று அவள் அந்தப் பக்கம் தள்ளுவாள். இரண்டு டிராக்டருக்கும் ஒரே பலம் என்பதால் அது எப்போதும் எல்லையிலேயே இருக்கும். முதல் பனி வேலியை மூடிவிட்டாலும் வாரியின் சக்கரம் வெளியே தெரியும். பதினோரு வருடமாக என் கணக்கு ஒன்றுதான்: வாரிக்கு இடப்பக்கம் ஆறடி. இந்த இலையுதிர் காலத்தில் வால்மோர் புது டிராக்டர் வாங்கியது எனக்குத் தெரியும். அது வாரியை அக்கா பக்கம் எவ்வளவு தூரம் தள்ளும் என்று யோசிக்கவில்லை. கம்பு நடும்போது நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கிளப் தலைவி ஜினெட்டுக்குப் போன் செய்தேன். ஜினெட் பேசினால் எருமைக்கே காது வலிக்கும்.

"எத்தன மீட்டர்?"

"இருபது."

"இருபது மீட்டரா! யோவ் ரொசேர், உன்ன வயலுக்குக் கம்பு நட அனுப்பினேனா, கவிதை எழுத அனுப்பினேனா?"

நான் அந்த நான்கு கம்பங்களையும் மறுபடி எண்ணினேன்.

"லைன்ல இருக்கியா, இல்ல தியானத்துல இருக்கியா? சனிக்கிழமை மூணு கிளப்பு வருது. அறுபது வண்டி. அந்த வயல விட்டா ஏரிக்குப் போக வேற வழி இருக்கா?"

இல்லை. மேற்கே சதுப்பு நிலம் இன்னும் சரியாக உறையவில்லை. அதன் மேல் ஆளை அனுப்புகிறவன் பாதைப் பொறுப்பாளன் இல்லை, கொலைகாரன். கிழக்கே நெடுஞ்சாலை. அங்கே மரலாரிகள்.

"அந்தம்மா போலீசுக்கு ஒரு போன் போட்டா போதும், சீசனே முடிஞ்சுது. வியாழக்கிழமை மத்தியானம் அது மருந்து வாங்க டவுனுக்குப் போகும். சத்தம் போடாம கம்பெல்லாம் புடுங்கி உன் ஆறடிக்கு நட்டுரு. ராத்திரி பனி கொட்டப் போகுது, எல்லாத்தையும் மூடிரும்."

"அது சரியில்ல ஜினெட்."

"அட, வாயத் தொறந்துட்டாரு! சரியில்லன்னா போயி மன்னிப்புக் கேளு. ஆனா அங்க போயும் இப்படியே நிக்காத, பயந்துருவாங்க."

இரண்டு நாள் மன்னிப்புக்கு வாக்கியம் தேடினேன். எதுவும் ஐந்து சொல்லைத் தாண்டவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் வியாழக்கிழமை மத்தியானம் ஜினெட் சொன்ன நேரத்தில்தான் போய் நின்றேன். மனசாட்சி அவ்வளவுதான்.

மூன்றாவது கம்பைப் பிடுங்கும்போது பின்னால் பனிக்காலணிகளின் சரக் சரக். லெயோனி டவுனுக்குப் போகவில்லை. கையில் மண்வெட்டி. நாய் முன்னால் ஓடிவந்து என் பூட்ஸை நக்கியது.

"நட்டத ஏம்ப்பா புடுங்குற?"

"தப்பான எடம்க்கா. உங்க எடம். என் தப்பு."

"தெரியுமே. மொத நாளே தெரியும். கேக்க எவனாவது வருவான்னு ஏழு வாரமாப் பாத்துட்டு இருக்கேன். ஒருத்தனும் வரல."

"நீங்க வேணாம்னு சொல்லிட்டதா..."

"யார்கிட்ட சொன்னேன்? எப்ப சொன்னேன்? ஒன்பது வருஷத்துல ஒருத்தன் என் கதவத் தட்டினதுண்டா? அவன் சொன்னான்னு நம்பிட்டீங்க. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம என் சன்னலுக்கு நேரா வந்து நின்னு எஞ்சின நிறுத்திட்டு உக்காந்திருப்பியே. இன்னைக்குக் கேப்பான், இன்னைக்குக் கேப்பான்னு சூப்பு வச்சிட்டு உக்காந்திருந்தேன். காப்பியக் குடிச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிருவ."

ஏழு செவ்வாய்க்கிழமைகள். தனிமை என்று நான் நினைத்து அனுபவித்தது அத்தனையையும் ஒருத்தி பட்டாணி சூப்போடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் காது சூடேறியது.

"கம்ப வை கீழ. பாத இங்கயே இருக்கட்டும். இறுகின பாதையில என் முட்டி வலிக்காம தபால் பெட்டிவரைக்கும் நடக்கறேன். சன்னல்கிட்ட மட்டும் மெதுவாப் போகச் சொல்லி ஒரு பலகை நடு. தாள் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

எனக்கு வந்த நிம்மதி அரை நிமிடம் நீடித்தது. மேற்கே புது டிராக்டரின் சத்தம் கேட்டது. வால்மோர் இறங்கி, வேலிக் கம்பங்களுக்கு அந்தப் பக்கம் நின்றார். அக்காவுக்கும் அவருக்கும் நடுவே மூன்று மீட்டர் இருக்கும். நடுவில் நான்.

"ரொசேர், என்னா நடக்குது? பாத ஏன் அங்க இருக்கு? என் பாத!"

"அவன்கிட்ட சொல்லு," என்றாள் லெயோனி, "இப்ப அது என் பாதைன்னு."

"அவகிட்ட சொல்லு, பதினோரு வருஷமா கையெழுத்துப் போடறது நான்னு."

"அவன்கிட்ட சொல்லு, கையெழுத்துக்காக இல்ல, கறிக்காகன்னு."

"அவகிட்ட சொல்லு..."

"அண்ணே, அவங்களுக்குக் கேக்குதுண்ணே."

"கேட்டா என்னா? நீ சொல்லு! பாத இன்னைக்கே என் பக்கம் வரல, அடுத்த வருஷம் தாளு கெடையாது. நாளைக்கே என் காட்டுல ஓடற மூணு கிலோமீட்டருக்கும் சங்கிலி போட்டுருவேன்."

"அவன்கிட்ட சொல்லு, பாத இங்கருந்து நகந்தா இப்பவே போன் போடறேன். ஏழு வாரம் அனுமதியில்லாம என் நெலத்துல ஓட்டினதுக்குச் சாட்சி என் சன்னல்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாதை எந்தப் பக்கம் போனாலும் சனிக்கிழமை செத்தது.

என்ன செய்வதென்று தெரியாதபோது நான் செய்வதையே செய்தேன். பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நாய் உட்கார்ந்துவிட்டது. அமைதியில் எனக்குப் பழக்கம் உண்டு, அவர்களுக்கு இல்லை. வால்மோர் இருமினார். லெயோனி மண்வெட்டியைக் கை மாற்றினாள். நான் அந்த நான்கு கம்பங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வலப்பக்கமாப் போகணும்," என்றேன்.

"என்னது?"

"சவாரி விதி. எல்லாரும் அவங்கவங்க வலப்பக்கம்தான் ஓட்டணும். பாதைய வேலி மேலயே போட்டுட்டா, ஏரிக்குப் போறவங்க அக்கா நெலத்துல போவாங்க. திரும்பி வர்றவங்க அண்ணன் நெலத்துல வருவாங்க. ரெண்டு தாளு. ரெண்டு கையெழுத்து. விருந்துல ரெண்டு நாற்காலி." இவ்வளவு நீளமாகப் பேசியதில் மூச்சு வாங்கியது. "ஆனா நடுவுல கம்பமோ வாரியோ நிக்கக் கூடாது. இருட்டினா தெரியாது, மோதினா ஆள் தேற மாட்டான்."

இருவரும் வேலிக் கம்பங்களைப் பார்த்தார்கள்.

"வாரி அவளோடது," என்றார் வால்மோர், என்னைப் பார்த்து.

"அவனோடது."

"கிளப்போடது," என்றேன். "நான் எடுத்துட்டுப் போறேன்."

வால்மோர் டிராக்டரிலிருந்து சங்கிலி வாளை எடுத்து வந்தார். மூன்று கம்பங்கள் உளுத்துப்போயிருந்தன, ஓர் இழுப்பில் அறுந்தன. "அவன்கிட்ட சொல்லு," என்றாள் லெயோனி, "நாலாவது உள்ள கெட்டி. அப்பா தார் பூசினது. வாள் கடிக்கும், பாத்து." நான் சொல்வதற்குள் அவர் வாளின் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க எருமை வேலை செய்தது. சனிக்கிழமை காலை அறுபத்தொரு வண்டிகளின் முன்னால் ஜினெட் என்னை ஒரு பெட்டியின் மேல் ஏற்றிவிட்டாள்.

"இன்னைக்கு ரொசேர் பேசுவாரு. கேட்டுக்குங்க, இனி இது அடுத்த நூற்றாண்டுலதான்."

"வலப்பக்கம் ஓட்டுங்க," என்றேன். "சன்னல்கிட்ட மெதுவா. குடிச்சவன் சாவியக் குடுத்துரு. பின்னால வர்றவன் தெரியலன்னா நில்லு." இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள், சுருக்கமாக முடித்ததற்காக இருக்கும்.

போகும்போது லெயோனி சன்னலில் உட்கார்ந்து பென்சிலோடு எண்ணிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைக் குடிலில் பீன்ஸும் கறியும் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்குத் திரும்பினோம். எல்லோரையும் முன்னால் விட்டு, வயலின் முனைக்கு நான் வந்தபோது கடைசி வண்டியின் சிவப்பு விளக்கு மறுமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. நின்றேன். எஞ்சினை அணைத்தேன். அமைதி வந்தது.

சன்னல் திறந்தது. "ரொசேர்! இன்னைக்காவது உள்ள வர்றியா, இல்ல காப்பியக் குடிச்சிட்டுப் போயிருவியா?"

பட்டாணி சூப்பு நன்றாக இருந்தது. இரண்டாவது கிண்ணத்தில் இருக்கும்போது கதவு இடிபட்டது. அவள் திறந்தாள். வாசலில் வால்மோர், தொப்பி இல்லாமல், முழங்கால்வரை பனியோடு, மூச்சு இரைக்க. கையில் அவருடைய தாளும் பென்சிலும்.

"லெயோனி, போனது எத்தன?"

"அறுபத்தொண்ணு."

"வந்தது அறுபதுதான். நல்லா எண்ணினேன். ஒருத்தன் கொறையுறான். ஏரி ஐஸ்ல எங்கயாவது..." குரல் உடைந்தது. "போன் பண்ணு, சீக்கிரம்!"

அவள் விலகி நின்று என்னைக் காட்டினாள். கரண்டி என் வாயில் இருந்தது.

வால்மோர் என்னைப் பார்த்தார். சூப்பைப் பார்த்தார். அக்காவிடம் நேராகப் பேசிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தவர் போல உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"ரொசேர்," என்று ஆரம்பித்தார், "அவகிட்ட சொல்லு..."

நான் சொல்லவில்லை. என் வாயில் சூப்பு இருந்தது.

"கதவச் சாத்துடா," என்றாள் லெயோனி. "குளிர் உள்ள வருது."

அவர் உள்ளே வந்து சாத்தினார்.