முகம் விழாத படம்

"பிடிச்சுத் தொலையேன், சனியனே!"

நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டியது கையிலிருந்த கேமராவை. அந்த வெள்ளி நிறக் கேமராவின் லென்ஸ் கர்ரென்று முன்னே வந்தது, கர்ரென்று பின்னே போனது. திரையில் தெரிந்த பச்சைக் கட்டம் குழந்தையின் முகத்தை விட்டுவிட்டு, இன்குபேட்டர் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரில் விழுந்த விளக்கொளியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மூட்டம்தான்.

குறைமாதக் குழந்தைகள் வார்டு அது. அங்கே விளக்கை எப்போதும் தணித்தே வைத்திருப்பார்கள். ஃப்ளாஷ் போடக் கூடாது. செல்போனை உள்ளே கொண்டுவரக் கூடாது. வார்டுக்கென்றே ஒரு கேமரா உண்டு. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத்தான் அதைக் கையில் எடுப்பார்கள். பெற்றவள் வேறு மாடியில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பாள். அவளுக்குப் பிள்ளையின் முகத்தைப் படமெடுத்து, அங்கேயே இருக்கும் சின்ன பிரிண்டரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது அந்த வார்டு நர்ஸுகளாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. கேமராகூட அவர்கள் கைக்காசில் வாங்கியதுதான்.

இந்தப் பெட்டியில் கிடந்த பெண் குழந்தையின் அம்மா, ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் கண்ணே திறக்கவில்லை. குழந்தைக்கும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எப்படியாவது ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று நர்ஸுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. மருந்து கொடுக்கும்போது எடுத்தாள், டாக்டர் வந்துபோன பிறகு எடுத்தாள், தன் சாப்பாட்டு நேரத்திலும் நின்று எடுத்தாள். ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை.

சாயங்காலம் குழந்தை போய்விட்டது. அப்பன்காரன் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான். செய்ய வேண்டியதைச் செய்து முடித்து அவன் திரும்பி வந்த பிறகுதான் அவன் பெண்டாட்டிக்கு நினைவு வந்தது.

மறுநாள், இருந்ததில் தேவலையான படத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் கீழே போனாள். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தலைகீழாகத் திருப்பினாள். மறுபடி நேராக்கினாள்.

"இதுல மூக்கு எங்க இருக்கு சிஸ்டர்?"

நர்ஸ் விரலால் ஒரு இடத்தைக் காட்டினாள். காட்டிய இடம் அவளுக்கே நிச்சயமில்லை.

"நீங்க பார்த்தீங்கள்ல? யாரு மாதிரிங்க இருந்துச்சு?" என்று அந்தப் பெண் புருஷனைக் கேட்டாள்.

அவன் சுவரைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலையே. ஆஸ்பத்திரியிலயே போட்டோ எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் நான் எடுக்காம விட்டுட்டேன்."

அவர்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நர்ஸ் தாங்கியிருப்பாள். அந்தப் பெண்ணோ, "ரொம்ப நன்றிங்க சிஸ்டர்" என்றாள். ஐயோ, அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நர்ஸ் மாடிப்படியில் வந்து நின்றாள். அழுகை வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு நகல் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவளுடைய அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. கேமரா வாங்க நினைக்கிறவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது அவன் வீடியோக்களைத்தான். 'லென்ஸ் அண்ணா' என்று பெயர். இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நல்லது எது சொத்தை என்று புட்டுப்புட்டு வைப்பான். வார்டுக்குக் கேமரா வாங்கும்போது வெள்ளியா கறுப்பா என்று நர்ஸுகளுக்குள் ஒரே பேச்சு. இரண்டும் சட்டைப் பைக்குள் போகிற அளவு. இரண்டுக்குள்ளும் ஒளியை வாங்கும் பெரிய சென்சார். இரண்டும் மங்கிய வெளிச்சத்துக்கென்றே செய்தவை. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. அப்போது இவள்தான், "எங்கண்ணன் ரெண்டையும் வச்சு வீடியோ போட்டிருக்கான், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

அந்த வீடியோவில் ஒரே அறையில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டியிருந்தான். வெள்ளிக் கேமராவின் பெயர் போட்ட படம் துல்லியமாக இருந்தது. கறுப்பின் பெயர் போட்டது கலங்கிக் கிடந்தது. "மக்களே, இருட்டுல வெள்ளிகிட்ட கறுப்பு நிக்கவே முடியாது" என்று அடித்துச் சொன்னான். அதற்கு மேலும் சந்தேகம் வேண்டாமென்று இவள் போனில் கேட்டதற்கு, "வார்டுக்கா? வீடியோல சொன்னதுதாண்டா குட்டி, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டான். கூடப் பிறந்தவள் கேட்டபோதும் உண்மையைச் சொல்ல அவனுக்கு நேரமில்லை.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். "வா வா, என்ன மூஞ்சியெல்லாம் இப்படி இருக்கு? உக்காரு, காபி போடறேன்."

"காபி கிடக்கட்டும் அண்ணி. அவன் எங்க?"

அண்ணன் தன் படப்பிடிப்பு அறையில் இருந்தான். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கேமரா. வெள்ளியும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நர்ஸ் படத்தை அவனிடம் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தவன் சிரித்தான். "யாரு எடுத்தது, நீயா? கை இப்படி நடுங்குது! ஃபோகஸ் சுத்தமா இல்ல. ஆமா, இது என்ன, துணி மூட்டையா?"

"குழந்தை."

"என்னது?"

"குழந்தைடா அது. செத்துப்போச்சு. பெத்தவ முகத்தைப் பார்க்கறதுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. அவகிட்ட இருக்கறது இந்த ஒரு படம்தான். நீ நல்லதுன்னு சொன்ன கேமராவுல எடுத்த படம்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. பழக்கதோஷம். "அதில்ல குட்டி, பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி எடுக்கறதுன்னா எந்தக் கேமராவா இருந்தாலும்..."

"எந்தக் கேமராவா இருந்தாலுமா? பார்த்துடலாம்."

விளக்கை அணைத்தாள். மூலையில் ஒரே ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டாள். அண்ணன் மகளின் பொம்மை சோபாவில் கிடந்தது. அதை மேசைமேல் படுக்க வைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடினாள். முதலில் வெள்ளியை எடுத்தாள். கர்ர், கர்ர். பிறகு கறுப்பை எடுத்தாள். ஒரே அழுத்து. திரையில் பொம்மையின் கண்ணிமை முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

இரண்டையும் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்ப சொல்லு. வீடியோல காட்டினியே ரெண்டு படம், அது எப்படி வந்துச்சு?"

வாசலில் வந்து நின்ற அண்ணிதான் பேசினாள். "கேக்கறாள்ல? சொல்லுங்க."

"பேரை மாத்திப் போட்டேன்" என்றான், தரையைப் பார்த்து. "கறுப்புல எடுத்ததை வெள்ளில எடுத்ததுன்னு போட்டேன். வெள்ளிக் கம்பெனிக்காரங்கதான் அப்படிக் கேட்டாங்க. போன வருஷம் குடும்பத்தோட வெளிநாடு போனோமே, அது அவங்க செலவு."

"உங்க சம்பாத்தியம்னுல்ல சொன்னீங்க!" என்றாள் அண்ணி.

"இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான். நான் என்ன யாரையாவது கொலையா பண்ணிட்டேன்? ஒரு போட்டோ கொஞ்சம் மங்கலா விழும். அவ்வளவுதானே நினைச்சேன்."

அவ்வளவுதானாம்! நாக்குக் கூசாமல் சொல்கிறான். நர்ஸ் விடவில்லை. "உன்னை நம்பி நாங்க அத்தனை பேரும் சம்பளத்துலேருந்து போட்டு வாங்கினோம். கடைக்காரன் கறுப்புதான் நல்லதுன்னு சொன்னான். அவனுக்குக் கமிஷன் இருக்கும்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன். எங்கண்ணன் காசுக்குப் பேசறவன் இல்லைன்னு மார்தட்டிக்கிட்டு வந்தேன். என்னை மாதிரி எத்தனை பேர் வாங்கினாங்களோ!"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். "தப்புதான் குட்டி. இரு, நான் சரி பண்ணிடறேன். கறுப்பை நீ இப்பவே எடுத்துக்கிட்டுப் போ. அந்தப் படத்தையும் குடுத்துட்டுப் போ. இப்ப கம்ப்யூட்டர்லயே எல்லாம் பண்ணலாம். கண்ணு, மூக்கு எல்லாம் தெளிவாக்கி அழகா போட்டுத் தரேன். அந்தம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது."

"சீ! கையை எடு!"

அந்த வீட்டில் அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"இல்லாத மூக்கை வரைஞ்சு குடுப்பியா? ஊர்ல எவ பெத்த பிள்ளையோட கண்ணையோ ஒட்டவச்சு, இதாம்மா உன் பொண்ணுன்னு நான் போய்க் குடுக்கணுமா? காலம் பூரா அவ அதைக் கட்டிப்பிடிச்சு அழணுமா? ஒரு பொய்க்கே அவ வயித்துல அடிச்சாச்சு. இன்னும் உனக்கு அடங்கலையாடா?"

அவன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். படம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. சற்று முன் துணி மூட்டையா என்று கேட்ட அதே படம். இப்போது அதில் முகத்தைத் தேடினான். கண்ணுக்கருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான்.

"நான் அந்தம்மாவைப் பார்த்து மன்னிப்பு கேக்கறேன்" என்றான்.

"அங்க போய் உன் பாரத்தை இறக்கி வைக்காதே. அவங்க தாங்கறது போதும். பொய்யை எங்க சொன்னியோ அங்கயே போய் உண்மையைச் சொல்லு."

"சொன்னா என் பொழைப்பே போயிடும். அப்புறம் எவனும் என்னை நம்ப மாட்டான்."

"போகட்டும்" என்றாள் அண்ணி. எட்டி எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, அவன் எதிரே படமெடுக்கும் கேமராவைத் திருப்பி வைத்தாள். "நானும் உங்களை நம்பித்தான் அந்த ஊரெல்லாம் சுத்திட்டு வந்தேன். பேசுங்க."

வழக்கமாகச் சொல்லும் 'வணக்கம் மக்களே' அன்று இல்லை. முகத்தைக்கூடத் துடைக்காமல் பேச ஆரம்பித்தான். எந்த வீடியோ, எந்தப் படம், யார் கேட்டார்கள், அதற்கு என்ன கிடைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் நேரே பார்த்துச் சொன்னான்:

"பணம் வாங்கிக்கிட்டு ஒரு பொருளை நல்லதுன்னு சொல்றவன், சும்மா ரெண்டு வார்த்தை கூட்டிச் சொன்னதா நினைச்சுக்கறான். நானும் அப்படித்தான் நினைச்சேன். அது பச்சைத் திருட்டு. நீங்க எதுக்காக வாங்கறீங்களோ அதையே உங்ககிட்டேருந்து திருடறது. யாரோட நம்பிக்கையையும் இப்படி விக்காதீங்க. யாரு சொன்னாலும், நானே சொன்னாலும், சொல்றவனுக்கு அதுல என்ன ஆதாயம்னு கேக்காம வாங்காதீங்க."

நர்ஸ் கறுப்புக் கேமராவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். நாளைக்கு வார்டில் வேறு பிள்ளைகள் இருக்கும். அவர்களுடைய அம்மாக்கள் காத்திருப்பார்கள்.

அண்ணன் வாசல்வரை பின்னாலேயே வந்தான். "குட்டி, இப்பவாவது மன்னிச்சிட்டேன்னு சொல்லேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தம்மா என்னைக் கேட்டாங்க, இதுல மூக்கு எங்க இருக்குன்னு. நான் பொய்யா ஒரு இடத்தைக் காட்டிட்டு வந்தேன். என் வாழ்க்கையில நான் பார்த்த முதல் நோயாளிலேருந்து இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் பொய் சொன்னதில்லடா. உன் பொய் என்னையும் பொய் சொல்ல வச்சிருச்சு. என்னையே முதல்ல நான் மன்னிக்கணும். உன்னை அப்புறம் பார்ப்போம்."