அளக்காத தாண்டல்

மாலக்கி கிரீகன் நூறு கஜ ஓட்டத்தில் ஜெயித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இடது முழங்கால் வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டிலும் ஆளில்லை. அண்ணன் தம்பியெல்லாம் கப்பலேறிப் பாஸ்டன் போய்விட்டார்கள். முப்பத்து மூன்று வயது. இன்றோடு தாண்டுவதை நிறுத்திவிடுவது என்று தனக்குள்ளேயே முடிவு செய்திருந்தான். அதற்குமுன் அயர்லாந்தின் நீளம் தாண்டல் சாதனைப் பட்டியலில் ஒரே ஒரு தடவை அவன் பெயர் ஏற வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பே ஏற வேண்டிய பெயர்தான். இதே கில்பிரோகன் வயலில் பழைய சாதனையைத் தாண்டிக் காட்டினான். நிலம் சரிவு, செல்லாது என்று டப்ளின் விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஒற்றை வரியில் கடிதம் வந்தது. வயல் என்றால் சரியத்தான் செய்யும், இதை டப்ளின்காரர்களுக்கு யார் சொல்வது? ஊருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வசந்தத்தில் நாற்பது பேர் மண்வெட்டியோடு இறங்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஓடுபாதையைச் சமன் செய்தார்கள். எல்லாம் அவனுக்காக.

இரண்டாவது தாண்டலில் எல்லாம் கூடிவந்தது. மணலில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தான். சாதனையைக் காட்டும் வெள்ளை முளைக்கு ஒரு சாண் அப்பால் அவனுடைய குதிகால் தடங்கள் இரண்டும் அச்சாகப் பதிந்திருந்தன. பார்த்தது அவ்வளவுதான். கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஊரே உள்ளே பாய்ந்தது. அவனை அலாக்காகத் தூக்கியது.

"குழிய மிதிக்காதீங்கடா! இறக்கி விடுங்கடா என்னை!"

"பேசாம உக்காருடா, இன்னைக்கு நீதான் எங்க மாப்பிள்ளை!" என்றான் தோள் கொடுத்திருந்த கொல்லன் டார்பி.

நடுவராக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் லூபி, அளவு நாடாவோடு வந்து சேர்ந்தபோது, மணல்குழி மாட்டுச்சந்தை கலைந்த இடம்போலக் கிடந்தது. இருபத்து நாலு அடி என்றான் ஒருவன், இருபத்தஞ்சு என்றான் அடுத்தவன்.

லூபி அவனைத் தனியே அழைத்தார். "நானும் பாத்தேன் மாலக்கி. தடமே இல்லாம நான் எதை அளக்கிறது? நீயே ஒரு அளவு சொல்லு, எழுதிடறேன். ஊரே சாட்சிக் கையெழுத்துப் போடும்."

ஒரு வார்த்தை போதும், பெயர் ஏறிவிடும். ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அது அளக்காத தாண்டல் என்பது உறுத்தும். அந்த உறுத்தலோடும் அவன் தனியாகத்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

"இன்னொரு தாண்டல் பாக்கி இருக்குல்ல வாத்தியாரே?"

"முழங்கால் பானையாட்டம் வீங்கியிருக்கேடா!"

"மண்ண நிரவச் சொல்லுங்க."

லூபி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "எவனாவது இந்தத் தடவை கயிறத் தாண்டினீங்க, காலை ஒடிச்சிருவேன்!" வெட்கிப்போய் எல்லோரும் பின்வாங்கினார்கள். அதுவரை ஓரமாக வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக் கோஷ்டியும் நிறுத்திவிட்டது.

ஓடினான். எம்பித் தாண்டும் பலகையில் கால் ஊன்றியபோது முழங்காலுக்குள் ஏதோ தெறித்தது. முளைக்கு வெகுதூரம் முன்னாலேயே, பக்கவாட்டில், மணலில் விழுந்தான். கையை ஊன்றிப் பார்த்தான், எழ முடியவில்லை. தலையைத் தூக்கிக் கயிற்றுப் பக்கம் பார்த்தான். ஆயிரம் பேர், தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி, சொன்ன சொல் தட்டாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.