துடைத்த உடுக்குறிகள்

சாளரத்தருகே பெருநாற்காலியை நிறைத்து தமிழ்மன்றத் தலைவர் கமலநாதன் வீற்றிருந்தார். அவர் வலப்பக்கத்தே, அச்சுப்படிகளை மடிமேல் அடுக்கிப் பதிப்பாசிரியர் ஜெயராஜ் அமர்ந்திருந்தார். எதிரே, கதவுக்கு அணித்தாய், பழஞ்சீனத்தின் ஒலிகளை ஆயும் கனகேஸ்வரி, யாழ்ப்பாண வழிவந்தவள், தனித்திருந்தாள். கீழே, மழை ஓய்ந்த பிரிக்பீல்ட்ஸ் என்னும் தமிழர்பேட்டையின் மாலைத்தெருவில் மல்லிகையும் ஊதுவத்தியும் வண்டிப்புகையும் ஒன்றாய்க் குழைந்து மணந்தன. தூண்களின்மேல் ஊர்ந்த தொடர்வண்டியின் அதிர்வுக்கு மேசைமேலிருந்த தேநீர்க் குவளைகள் சிறிதே நடுங்கின.

இதைப் படிக்கும் அறிவுசால் அன்பரே, தோண்டிப் பார்க்க ஓசைக்குக் கல்லறை இல்லை. முன்னாளில் சீனர் பேசிய ஒலியை இன்று கேட்டார் எவருமிலர். பழம்பாடல்களின் இயைபையும், எழுத்துருக்களின் உறுப்பொப்புமையையும், இன்றைய கிளைமொழிகளையும், திபெத்தியம் பர்மியம் முதலிய உறவுமொழிகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, 'இவ்வாறு ஒலித்திருக்கலாம்' என ஆய்வாளர் உய்த்துணர்வர்; உணர்ந்ததன் தலையில் உடுக்குறி ஒன்றிடுவர். விண்மீன் வடிவிலான அச்சிறுகுறி, 'இது கேட்டதன்று, கருதியது' என்னும் வாய்மையுரை. அவ்வாய்மையோடு நெடுநாள் உழைத்துக் கனகேஸ்வரி தமிழில் எழுதிய முதற்கட்டுரையே ஜெயராஜின் மடிமேல் கிடந்தது.

வாங்கிப் புரட்டினாள். உடுக்குறி ஒன்றுகூட இல்லை. தமிழ்ச்சொல்லோடு ஒத்தொலிக்கும் வடிவங்கள் மட்டும் எஞ்ச, ஒவ்வாதவையெல்லாம் களையப்பட்டிருந்தன. அடியில், 'சீனத்தின் தாய் தமிழே. கிள்ளானில் பாக்குத்தே இறைச்சிச்சாறு விற்கும் லிம் அம்மையார் இன்றும் இவ்வாறே ஒலிக்கிறார்' என, அவள் எழுதாத வரியொன்று. அவ்வம்மையார் ஹொக்கியன் என்னும் தம் சீனக் கிளைமொழிப் பேச்சைப் பதிவுசெய்ய இசைந்தவரேயன்றி, இவ்வொலிகளை ஒருநாளும் மொழிந்தவரல்லர்.

"இந்தக் குறியெல்லாம் எங்கை, ஐயா?"

"ஈ எச்சம் மாதிரி இருந்துச்சு டாக்டர், துடைச்சிட்டோம்" என்று நகைத்தார் ஜெயராஜ்.

"ஒரு பொட்டுக்குப் போய் முகத்தைச் சுளிக்கலாமா லா?" என்றார் கமலநாதன், வடையெண்ணெய் படிந்த பெருவிரலால் லிம் அம்மையார் பெயரை அழுத்தியபடி. "நாளைக்கு ஷா ஆலத்துல அச்சேறுது. விழா மேடையில உங்களுக்கு 'ஒலிநூற்செல்வி' பட்டம்!"

"அவ சொல்லாததை அவ வாயிலை வைச்சிட்டியளே?"

"அந்தம்மா தமிழ்ப் புத்தகம் படிக்கவா போறாங்க?" என்றார் கமலநாதன்.

அழுகிய மீனைப் பட்டுத்துணியில் பொதிந்து கையில் கொடுத்தாற்போல் அவளுக்கு அருவருத்தது. பட்டத்தின் பெயர் கேட்டு ஒரு கணம் இனித்த தன் நெஞ்சின்மேலும் அவ்வருவருப்புப் படர்ந்தது. இசைந்தால் அவள் உழைப்பு பொய்யணிந்து தமிழர் கைசேரும்; மறுத்தால் தமிழில் வாராமலே மாயும்.

தாளெடுத்து, அச்சகத்தாருக்கு அங்கேயே எழுதினாள்: 'என் கட்டுரையையும் பெயரையும் விலக்கிக்கொள்கிறேன். லிம் அம்மையார் பெயரும் இந்நூலில் வரலாகாது. மீறி அச்சிட என் இசைவில்லை.'

"தமிழுக்கே துரோகம் பண்றீங்க!" என்று சீறினார் தலைவர்.

"தமிழ் என்னட்டைப் பொய் கேக்கேல்லை, ஐயா."

படியிறங்கித் தெருவோரம் நின்று, அக்கடிதத்தை இட்ட உறையின் விளிம்பை நாவால் நனைத்து ஒட்டினாள். பசையின் கசப்பு நெடுநேரம் நாவில் நின்றது. தாய்க்குக் களவாடிய மணிமுடி சூட்டுவோர், அத்தாயின் தலையையே அழுக்காக்குவர். கடிதம் கொண்டுசெல்ல அவள் அழைத்த ஈருருளிக்காரன் உறையை வாங்கிப் பையிலிட்டு, ஷா ஆலம் நோக்கிச் செல்லும் ஊர்திப் பெருக்கினுள் மறைந்தான்.