கோபாலின் கூரை

லோகு ஏணியைச் சுவரில் சாய்த்து, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு படி ஏறியும் விட்டான். அப்போதுதான் ஞானம்மா புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வெளியே ஓடி வந்தாள்.

“எறங்கு லோகு. கூரைல கை வெக்காத.”

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விடியற்காலையில் கோபால் மூச்சு அடங்கியதிலிருந்து வாய்விட்டு அழக்கூட அழாதவள், கொழுந்தனைப் பார்த்து இப்படிக் கத்துகிறாளே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

“இன்னா அண்ணி நீ? பெரியவங்க சொன்னத நீயும்தான கேட்ட?” என்றான் லோகு, ஏணியில் நின்றபடியே. “அண்ணன் அவிட்டத்துல போய்ட்டாரு. ஆறு மாசம் அடைப்பு. வாசப்படி வழியா தூக்கினு போவக் கூடாது. கூரைய பிரிச்சாவணும்.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அடைப்பு நட்சத்திரத்தில் உயிர் போனால் கூரையைப் பிரித்தோ சுவரை இடித்தோதான் உடம்பை வெளியே எடுப்பார்கள். இல்லாவிட்டால் போனவர் வந்த வழியே திரும்பி வந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவார் என்று பயம். சுவர் ஹாலோபிளாக், இடித்தால் மறுபடி கட்ட வேண்டும். கூரை வெறும் சிமெண்ட் ஷீட். கொக்கி போல்ட்டைக் கழற்றினால் முடிந்தது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாரம் கட்டுகிற லோகுவுக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஆனால் அந்தக் கூரையின் உட்பக்கத்தில்தான் கோபால் இத்தனை வருஷமாக வரைந்திருந்தார்.

தெருவில் யாரும் அதை வரைந்தது என்று சொல்வதில்லை, கிறுக்கியது என்றுதான் சொல்வார்கள். கோபால் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் பர்னஸ் வேலை பார்த்தவர். ஒரு நாள் உலைவாய்க்கு எதிரே, கையில் கம்பியோடு அப்படியே நின்றுவிட்டார். கூப்பிட்டால் திரும்பவில்லை. இழுத்து உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, சூடு தாங்காமல் மயங்கிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. இன்னாய்யா ஆச்சு என்று ஞானம்மா பிடித்து உலுக்கினாள்.

“ஒண்ண பாத்தேன்,” என்றார்.

“இன்னாத்த? சாமியா?”

“தெர்ல. இருந்துச்சு.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

பிறகு ஆரம்பித்தது கூத்து. கம்பெனியில் மிஞ்சுகிற எனாமல், ரெட் ஆக்சைடு என்று டப்பா டப்பாவாகக் கேட்டு வாங்கி வந்தார். உள்ளறையில் இரண்டு டிரம்மின் மேல் பலகை போட்டு ஏறி, ஒரு கோடு இழுப்பார். இறங்கி வந்து பாயில் படுத்துப் பார்ப்பார். மறுபடி ஏறுவார். பாயில் பெயிண்ட், தலையில் பெயிண்ட், ஒரு தடவை ரசத்திலும் பெயிண்ட். பக்கத்து வீட்டிலிருந்து லோகுவின் பெண்டாட்டி அருணா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பாள். “மாமா, மேல இன்னா, இந்தியா மேப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால், அலை அலையான ஷீட்டில் அங்கே கொஞ்சம் சிவப்பு, இங்கே கொஞ்சம் மஞ்சள், மற்றதெல்லாம் புகையேறிய சாம்பல். ஞானம்மாவும்தான் சிரித்திருக்கிறாள். ரசத்துக்காகச் சண்டையும் போட்டிருக்கிறாள்.

இந்த ஆடியில் அவருக்கு நுரையீரல் கெட்டு, எழுந்து உட்கார முடியாமல் போனது. ஒரு மத்தியானம், இருமிச் சோர்ந்தவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவளும் அந்தத் தலையணையில் தலை சாய்த்தாள். மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் இருமல் சத்தம்கூட அவள் காதில் விழவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரிச் சிரித்தார். அதற்கப்புறம் மத்தியானம் ஆனால் அவளே வந்து படுத்துக்கொள்வாள். இதை அருணாவிடம் சொல்லிப் பார்த்தாள். அருணா ஜுரமா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“பழைய ஷீட்டு லோகு. கழட்டுனா நொறுங்கிடும்,” என்றாள் ஞானம்மா இப்போது. “சொவத்த இடி.”

“ஷீட்டுன்னா இன்னிக்கே வேற மாட்டிடுவேன், சொவரு கட்ட நாளாவும். ஐப்பசி மாசம் அண்ணி. நாளைக்கே மழ வந்தா எங்க படுப்ப?”

“நனையறேன். உனக்கு இன்னா?”

“ஒரு கிறுக்கலுக்கோசரம் ஊட்ட இடிச்சாங்கன்னு ஊரே சிரிக்கும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ஒருத்தர் பார்த்தார், தான் ஒருத்தி பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது நாலு துண்டாகக் குப்பைமேட்டில் கிடக்கும்; அவர் காலம் முழுக்கக் கிறுக்கனாகவே நின்றுபோவார். ஞானம்மா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வா. ஒரே ஒரு வாட்டி அவரு பக்கத்துல படுத்துப் பாரு. அப்பறமும் கூரைதான்னா, நானே ஏணிய புடிச்சிக்கிறேன்.”

பந்தலில் ஒரே சலசலப்பு. அடைப்புச் சாவு, அதுவும் பிணத்தோடு படுப்பதா? அருணா ஓடி வந்து புருஷனின் கையைப் பிடித்தாள். “அக்கா, உனக்கு புத்தி கெட்டுப்போச்சா? எம் புள்ளைங்க மூஞ்ச பாருக்கா.”

“சின்னதுல ஒரே பாயிலதான படுத்தீங்க அண்ணனும் தம்பியும்,” என்றாள் ஞானம்மா, அவளைப் பார்க்காமல்.

லோகு ஏணியில் நின்றுகொண்டே கொஞ்ச நேரம் ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்டாட்டியின் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போனான்.

அண்ணனுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கத்தான் இடம். லோகு ஒருக்களித்து நுழைந்து, தலையணையின் ஓரத்தில் தலையை வைத்தான். கண்ணை மூடியிருந்தான்.

“தொற,” என்றாள் ஞானம்மா.

ஷீட்டின் ஒவ்வொரு அலைக்கும் இரண்டு சரிவு உண்டு. வாசலில் நிற்பவர் கண்ணில் படுவது ஒரு சரிவு. கோபால் வண்ணம் தீட்டியதெல்லாம் தலையணையைப் பார்த்திருந்த மறு சரிவில். அந்த இடத்தில் தலை வைத்தால்தான் சரிவுகள் ஒன்றோடொன்று சேரும். சேர்ந்தால் கூரை என்று ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

நடுவில் வெள்ளை. அதை அவர் தீட்டவில்லை, ஷீட்டின் புகையை மட்டும் தேய்த்து எடுத்து விட்டுவைத்திருந்தார். சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும் வளையம் வளையமாக ஆழத்துக்குப் போயின. வளையங்களில் ஜனங்கள். ஹெல்மெட் போட்டவர்கள், குடம் வைத்திருப்பவர்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கியவர்கள். ஆடும் நாயும் பனைமரமும் கூட இருந்தன. யாருக்கும் முகம் கிடையாது. நெருப்பு அவர்களுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியே வந்தது, ஆனால் ஒருவரும் எரியவில்லை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. நிஜ வெளிச்சம். ஷீட்டிலிருந்த பழைய ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைக்கச் சொல்லி ஞானம்மா மழைக்கு மழை கத்தியிருக்கிறாள். அவர் அடைக்கவில்லை. ஒவ்வோர் ஓட்டையையும் ஒருவருடைய நெஞ்சாக்கியிருந்தார். நாய்க்கும் ஒன்று இருந்தது.

வெளியே மேகம் கடந்தது போலிருக்கிறது. அத்தனை நெஞ்சும் ஒன்றாக மங்கி, ஒன்றாகத் திரும்ப எரிந்தன.

“அண்ணி,” என்றான் லோகு. “மூச்சு வுடுது அண்ணி.”

“ஆமா.”

“இதத்தான் பாத்தாரா?”

“பாத்ததுல கொஞ்சந்தான் இதுல வந்துகீதுன்னு சொன்னாரு.”

லோகுவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவன் துடைக்கவில்லை. வெளியே மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தார்கள். எழுந்தபோது அண்ணனின் இரண்டு பாதங்களையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வெளியே வந்தவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாடா, இன்னா கீது?” என்றார்கள். “அருணா, நம்மூட்டு கடப்பாறைய எடுத்துனு வா,” என்றான் லோகு.

பின்பக்கச் சுவரை அவனே இடித்தான். ஒவ்வொரு இடிக்கும் கூரை அதிராதபடி, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் கையால் வாங்கி வைத்தான். வெயில் சாய்வதற்குள் கோபால் அந்த ஓட்டை வழியாகக் கால் முன்னே நீட்டிப் புறப்பட்டார். அப்போதுதான் ஞானம்மா அழுதாள். தெரு முனை தாண்டி மேளச் சத்தம் தேயும்வரை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிடப் பெண்கள் கூடினார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளாகப் போனது நல்லதாயிற்று. அருணா குழாயைத் திறந்து பக்கெட்டை வைத்துவிட்டு, துடைப்பத்தோடு உள்ளறைக்கு வந்தாள். சுவர் போனதில் அறை முழுக்க ஒரே வெளிச்சம். அந்தக் கூச்சத்தில் மேலே ஒன்றும் தெரியவில்லை. அவள் கூரையைப் பார்த்தாள், ஞானம்மாவைப் பார்த்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போய், கொடியிலிருந்து தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து இடித்த ஓட்டைக்குக் குறுக்கே கட்டினாள். அறை இருட்டியது.

“அக்கா, எங்க தல வெக்கணும்?” என்று கேட்டாள்.

ஞானம்மா வெறும் தரையில் கை வைத்துக் காட்டினாள். அருணா பயந்துகொண்டே படுத்தாள். அதன்பின் அவள் எழவில்லை. இன்னாடி ஆச்சு என்று எட்டிப் பார்க்க வந்தவள் அவள் தலையோடு தலை வைத்துப் படுத்தாள். இன்னொருத்தி எதிர்ப்பக்கம் கால் நீட்டினாள். அந்த ஓர் இடத்தில் தலைகள் நெருங்க, கால்கள் நாலா பக்கமும் நீண்டன.

“வாக்கா, எடம் கீது,” என்று அருணா நகர்ந்தாள்.

ஞானம்மா போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு குடம் தண்ணீருக்குக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற தெரு அது. வெளியே பக்கெட் நிரம்பி, தண்ணீர் தெருவில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.